முதல் குரல் விஷயமாக மைத்துனருக்கு

அன்பும் பொறுமையும் மிக்க மைத்துனருக்கு,

உங்கள் அத்தான் எழுதுவது. இங்கே நான் சுகம். உங்கள் அக்கா என்னைவிடச் சுகம். சமையலறையில் அவள் வைத்திருக்கும் ரேடியோ எங்கள் இருவரையும்விடச் சுகம். இந்த வீட்டில் தினமும் தூசி தட்டுவது அதற்கு மட்டும்தான்.

நிற்க. நம் ஊர் வானொலியின் வெள்ளிவிழா மலருக்கு நிலையத்தின் வரலாற்றை நீங்கள் எழுதுவதாக அறிந்து மகிழ்ந்தேன். நீங்கள் அனுப்பிய அச்சுப்படியின் முதல் பக்கத்தோடு அந்த மகிழ்ச்சி நின்றுவிட்டது. 'நிலையத்திலிருந்து ஒலித்த முதல் குரல் தேன்குரலாருடையது' என்று எழுதியிருக்கிறீர்கள். எனக்குப் பொறாமை கிடையாது என்பது உங்களுக்கே தெரியும். பொறாமைப்பட, ஊரே தேன்குரல் என்று கொண்டாடும் அந்த அறிவிப்பாளரிடம் குரலைத் தவிர என்ன இருக்கிறது?

நடந்தது இதுதான். அதுவரை ஊரில் கேட்டது அரசாங்க வானொலி ஒன்றுதான். அதில் தன் கடையின் பெயர் வரவில்லையே என்று மனம் பொறுக்காத மெத்தைக் கடை முதலாளி, உரிமம் வாங்கிக் கடைக்கு மேல்மாடியில் சொந்தமாக நிலையமே தொடங்கிவிட்டார். எதிரொலி வராமலிருக்கச் சுவர் முழுக்க விற்காத மெத்தைகளைச் சாத்தினார். யாராவது கேட்டால் கொடுத்துவிடலாம் என்று விலைச்சீட்டைக்கூடக் கிழிக்கவில்லை. ஒருமுறை செய்தியின் நடுவே இரட்டை மெத்தை ஒன்று விலைபோய், மீதிச் செய்தியைக் கிணற்றுக்குள்ளிருந்து வாசித்தது போல் ஆயிற்று.

திறப்பு நாளில் முதல் நிகழ்ச்சி எனக்கு. சிவப்பு விளக்கு எரிந்தது, பேசினேன். ஹெட்போனில் என் குரல் கணீரென்று கேட்டதில் எனக்கே சற்று மயக்கம். ஊரை வரவேற்றேன், பாட்டுப் போட்டேன், மெத்தையைப் புகழ்ந்தேன். ஹெட்போனில் கேட்பது என் மேசையிலிருந்து வரும் ஒலி, வானத்திலிருந்து வருவதல்ல என்று யாரும் எனக்குச் சொல்லவில்லை. மொட்டைமாடியிலிருந்த டெக்னீஷியனோ, நான் ஆள் அனுப்பிச் சொன்ன பிறகு டிரான்ஸ்மிட்டரைப் போடலாம் என்று உட்கார்ந்திருந்தார். கடைசியில் அலுத்துப்போய் அவரே போட்டபோது என் நிகழ்ச்சி முடிந்திருந்தது, அடுத்துப் பேச வேண்டிய தேன்குரல் கதவைத் திறந்து, “அண்ணே, கக்கூஸ் சாவி எங்க?” என்றார். மைக் திறந்தே இருந்தது. “ஆணியில தொங்குது பாரு” என்றேன். ஊர் கேட்ட முதல் குரல் அவருடையது, இரண்டாவது என்னுடையது.

உங்கள் அக்காவும் கேட்டுக்கொண்டிருந்தாள். வீட்டுக்கு வந்து, “எப்படி இருந்துச்சு?” என்றேன்.

“அந்தத் தம்பி குரல்ல என்ன ஒரு பணிவுங்க! உடனே சாவிய எடுத்துக் குடுத்துடலாம்போல இருந்துச்சு.”

“நான்?”

“நீங்கதான் அதட்டுனீங்களே.”

“ஆணியில தொங்குதுன்னு சொல்றதுல என்னடி அதட்டல்?”

“இதோ, இப்பக்கூட.”

முதலாளியும் இதே கட்சி. காலை நிகழ்ச்சி தேன்குரலுக்குப் போயிற்று. எனக்குக் கிடைத்தது விளம்பரங்களின் வால்: 'நிபந்தனைகளுக்கு உட்பட்டது' என்பதை ஒரே மூச்சில் சொல்லும் வேலை. பிறகு ஜவுளிக் கடைக்காரர் ஒரு நிலையம் வைத்தார், நகைக் கடைக்காரர் ஒன்று வைத்தார், மூன்றையும் எங்கோ இருக்கும் பெரிய கம்பெனி வாங்கி மெத்தைகளைக் கழற்றியது. ஆட்களும் கழன்றோம், தேன்குரல் தவிர. இப்போது ஒரு வாரப் பேச்சை அவர் முன்கூட்டியே பதிவுசெய்து கொடுத்துவிடுகிறார். போன வாரம் கொட்டும் மழையில், 'இதமான வெயில் நேயர்களே' என்றார். உங்கள் அக்கா துணியை எடுத்துக்கொண்டு கொடிக்குப் போனாள்.

“மழை பெய்யுதுடி!”

“விட்டுடும். அவரே சொல்லிட்டாரு.”

ஆகவே மாப்பிள்ளை, இரண்டிலொன்று செய்யுங்கள். காற்றில் ஏறாவிட்டாலும் முதலில் பேசியவன் நான் என்று அச்சிடுங்கள். இல்லையென்றால் அவருடைய முதல் வாசகத்தை எழுத்துக்கு எழுத்து அச்சிடுங்கள். வரலாறு என்றால் சாவியும் வர வேண்டும்.

உங்கள் இல்லத்தாருக்கும் குழந்தைகளுக்கும் எங்கள் ஆசிகள், நிபந்தனை ஏதுமின்றி.

இப்படிக்கு,
உங்கள் அத்தான்

பி.கு.: மேலே உள்ள எதையும் அச்சிட வேண்டாம். ஒட்டிய கடிதத்தைப் பிரித்து இதை எழுதுகிறேன். சற்று முன் வெள்ளிவிழா நேரடி ஒலிபரப்பில் தேன்குரல் பேசினார். 'நிலையத்தில் முதலில் பேசியவர் எங்கள் அண்ணன், யாருக்கும் கேட்காத நிகழ்ச்சியை ஒரு பிசிறில்லாமல் நடத்தினார், நான் கதவுக்கு வெளியே நின்று கேட்டுத்தான் தொழில் கற்றேன்' என்றார். உங்கள் அக்கா முந்தானையால் கண்ணைத் துடைத்துக்கொண்டு, “எவ்வளவு அழகா சொல்றாரு!” என்றாள். “அது எனக்கு நடந்ததுடி” என்றேன். “உங்களுக்கு நடந்ததுதாங்க. ஆனா அவரு சொல்லும்போதுதான் நடந்த மாதிரியே இருக்கு” என்றாள். முதல் பக்கம் இருக்கிறபடியே இருக்கட்டும். முதலில் பேசியவன் நான்தான் என்று ஊருக்குத் தெரிந்துவிட்டது. அதையும் முதலில் சொன்னவர் அவர்தான்.