சின்ன ர ஆண்ட நாடு

வரைபடத்தை மடித்தால் சரியாக மடிப்பு விழுகிற இடத்தில் அரசாணைபுரி என்றொரு நாடு இருந்தது. அதனால் அக்கம்பக்கத்து நாடுகள் அதை அவ்வளவாகக் கவனிக்கவில்லை. அங்கே தும்முவதற்குக்கூட எழுத்து மூலம் அனுமதி வாங்க வேண்டும். அனுமதி வருவதற்குள் தும்மல் போய்விடும் என்பது வேறு விஷயம்.

அப்பேர்ப்பட்ட நாட்டில் ஒழுங்காக எழுதத் தெரிந்தவனுக்கே பிழைப்பு. ஆகவே அங்கிருந்த ஒரே கல்லூரியில் எழுத்து உதவிக் கூடம் என்று ஒன்றை வைத்திருந்தார்கள். இரண்டு அறை, மூன்று ஆசிரியர்கள். கட்டுரையோடு வருகிற மாணவர்களை உட்காரவைத்து வரி வரியாகச் சொல்லிக்கொடுப்பார்கள். மூவரில் கெட்டிக்காரி பரிபூரணம். அவளிடம் அடிக்கடி வந்தவள் வேம்பரசி என்கிற மாணவி. நன்றாக யோசிப்பாள், எந்த இடத்தில் சின்ன ர, எந்த இடத்தில் பெரிய ற என்பதுதான் பிடிபடவில்லை. ஆண்டுக் கட்டுரையில் பத்துப் பிழைக்கு மேல் போனால் கல்லூரியை விட்டே வெளியேற்றிவிடுவார்கள். போன வருஷம் அவள் சரியாகப் பத்தில் தப்பித்திருந்தாள்.

அரண்மனை எழுத்தர் ஓலைநாயகமும் அங்கே வருவதுண்டு. அரசாணைகளை வேட்டி மடிப்பில் ஒளித்துக்கொண்டு கொல்லைப்புறமாக வந்து, பரிபூரணத்திடம் திருத்தி வாங்கிப் போவார். அரசாங்கத்தின் மானம் இப்படித்தான் காப்பாற்றப்பட்டு வந்தது.

இது தெரியாத பேரமைச்சர் கச்சிதமுடையார் ஒருநாள் கூடத்தைப் பார்வையிட வந்தார்.

"ஆசிரியர் மூவர். மாணவர் பூஜ்ஜியம். என்ன கொடுமை இது?"

"இன்னிக்கு லீவுங்க ஐயா," என்றாள் பரிபூரணம்.

"விடுமுறையிலேயே வராதவர்கள் வேறு எப்போது வரப்போகிறார்கள்?"

இரண்டு பேரை வீட்டுக்கு அனுப்பினார். தேர்வு மாதத்தில் மறுபடியும் வந்தார். இருந்த ஒரே ஆசிரியைக்கு முன்னால் வரிசை குதிரை லாயம் வரை நீண்டிருந்தது. அமைச்சர் பூரித்துப்போனார்.

"ஆள் குறைந்ததும் ஆர்வம் பெருகியிருக்கிறது! ஆயினும் தகுதியற்றோர் உள்ளே நுழையக் கூடாது."

உடனே ஆணை பிறந்தது. கூடத்துக்குள் வர விரும்புவோர் யாராயினும், தமக்கு எழுத வராது என்பதை ஒரு பிழையும் இல்லாமல் எழுதிக் கொடுக்க வேண்டும்.

வேம்பரசி ஏழு தடவை எழுதிக் கொடுத்தாள். ஏழும் திரும்பி வந்தன. அழுகையை அடக்கிக்கொண்டு வாசல் காவலாளியிடம் கேட்டாள்.

"இதைத் தப்பில்லாம எழுதத் தெரிஞ்சா நான் ஏண்ணே இங்க வர்றேன்?"

"அதையும் எழுதிக் குடும்மா, அனுப்பி வெக்கிறேன்."

கொல்லைப்புறத்திலும் காவல் போட்டதால் ஓலைநாயகமும் திரும்பிப் போனார். பிழையே விடாத நாலு பேர் மட்டும் உள்ளே வந்து, பரிபூரணத்தோடு சுண்டல் சாப்பிட்டுவிட்டுப் போனார்கள். 'கூடத்துக்கு வருவோர் அனைவரும் பிழையின்றி எழுதுகின்றனர்' என்று அமைச்சர் மன்னருக்கு வெற்றி அறிக்கை வாசித்தார். ஜெயித்தாகிவிட்ட இடத்தில் ஆள் எதற்கு? எல்லா அலுவலகத்திலும் ஆளைப் பாதியாக்கும்படி நாடு முழுவதற்கும் ஒரே ஆணையாகச் சொல்லிவிட்டார். அவர் சொல்லச் சொல்ல ஓலைநாயகம் எழுதினார். மாமன்னர் பிழைபொறுத்தாரும் வழக்கம்போல் படிக்காமல் முத்திரை குத்தினார்.

அதே நேரம் கல்லூரித் தலைவரின் மேசையில் வேம்பரசியின் கட்டுரை கிடந்தது. எதிரே அவள் நின்றுகொண்டிருந்தாள். பதினோரு பிழை. பதினோராவது, 'வரியைக் குரைக்க வேண்டும்' என்பது.

"வரி எங்கேயாவது குரைக்குமா, பெண்ணே?" என்றபடி தலைவர் அவளை வெளியேற்றும் தாளில் கையெழுத்துப் போட மை தொட்டார். அப்போது தூதன் வந்து புது ஆணையை நீட்டினான்.

'ஒவ்வோர் அலுவலகத்திலும் பாதி ஆள் உடனடியாகக் குரைக்க வேண்டும்.'

தலைவர் மூன்று முறை படித்தார். முத்திரை விழுந்த எழுத்தில் பிழை என்று சொன்னால் ராஜத்துரோகம். அமைச்சர் மாளிகைப் பக்கமிருந்து கனமான குரலில் ஒரு குரைப்பு கேட்டது. கச்சிதமுடையார்தான். பாதியில் முதல் ஆள் என்ற பெருமையை அவர் யாருக்கும் விட்டுக்கொடுக்கவில்லை. தலைவர் தொண்டையைச் செருமிக்கொண்டார்.

"லொள்," என்றார் கண்ணியமாக. பிறகு பதினொன்றை அடித்துவிட்டுப் பத்து என்று எழுதினார்.

அந்த ஆணையால் நாட்டில் ஒருவர் வேலையும் போகவில்லை. பரிபூரணத்துக்கு மட்டும் ஒரு சந்தேகம் வந்தது. அவளுடைய அலுவலகத்தில் இருப்பதே ஓர் ஆள். ஓர் ஆளில் பாதி எப்படிக் குரைப்பது? விளக்கம் கேட்டு மனுப் போட்டாள். காலையில் பாடம், மாலையில் குரைப்பு என்று பதில் வந்தது.

வாசல் காவலாளிக்கு நல்ல குரல் வளம் இருந்ததால் அரண்மனைக்கு மாற்றிவிட்டார்கள். தடுக்க ஆளில்லாத வாசல் வழியாக வேம்பரசி ஓடி வந்தாள்.

"அக்கா, அது பெரிய ற தானே?"

"ஆமாண்டி! கண்டுபிடிச்சிட்டியே!" பரிபூரணம் சந்தோஷத்தில் அவளைக் கட்டிக்கொண்டாள். "வெளியில மட்டும் சொல்லிடாத."

"சொல்லலக்கா. ஆனா பாதி ஆளுக்குத்தானே ஆணை? மீதிப் பாதி என்ன செய்யணும்னு ஒண்ணும் போடலையே?"

பரிபூரணம் ஜன்னலைக் காட்டினாள். தெருவில் கச்சிதமுடையார் குரைத்துக்கொண்டே பல்லக்கில் போனார். பின்னாலேயே அந்த மீதிப் பாதி போய்க்கொண்டிருந்தது. அவர்களுக்கு ஆணை எதுவும் தேவைப்படவில்லை. அவர்கள் எப்போதும்போல் வாலை ஆட்டிக்கொண்டு போனார்கள்.