பீரோவில் பத்திரமாக இருக்கும் பட்டங்கள்

நெருப்பு, சக்கரம், தபால்தலை இவற்றையெல்லாம் கண்டுபிடித்தது யார் என்று எனக்குத் தெரியாது. பி.எஸ்ஸி. பட்டத்தின் பண மதிப்பைக் கண்டுபிடித்தது கொடைக்கானல் ஏரிமேடு அறிவியல் கல்லூரி என்பது மட்டும் நிச்சயமாகத் தெரியும். ஆண்டு 1979. அந்த மகத்தான ஆராய்ச்சிக்குக் குறிப்பெடுத்தவன், கல்லூரி அலுவலகக் கண்காணிப்பாளன் மனுவேல் என்கிற அடியேன்தான்.

இதற்கெல்லாம் காரணம் பஜாரில் கம்பளிக் கடை வைத்திருக்கும் பிச்சை முகம்மது பாய். மகள் சுலைகாவுக்கு விண்ணப்பம் வாங்க வந்தவர், அந்தக் காகிதத்தையும் துணி பார்ப்பது போல இரண்டு விரலால் தடவிப் பார்த்தார்.

"மூணு வருஷம் படிச்சா கடைசியில என்னங்க தேறும்?"

"அறிவு வளரும், பாய்."

"அது எங்க வீட்டுப் புள்ளைக்கு இப்பவே ஜாஸ்தி. ரூவாயில சொல்லுங்க."

கேள்வியைத் தாளாளர் பரமானந்தத்திடம் கொண்டுபோனேன். முன்பு பேரிக்காய் மொத்த வியாபாரம் செய்தவர். இப்போது கல்வித் 'தொண்டு' செய்கிறார். "அட, இத்தனை நாளா இதக் கணக்குப் போடாம இருந்துட்டமேய்யா!" என்று நெகிழ்ந்துபோனார். உடனே 'பட்ட மதிப்பீட்டு உயர்மட்டக் குழு' பிறந்தது. தலைவர் தாளாளர், உறுப்பினர் தாளாளரின் மச்சினர் உபகாரம். மூன்று அமர்வு நடந்தது. பன்னும் டீயும் தீர்ந்த வேளையில் முடிவு வந்தது: ஒரு பட்டத்தின் வாழ்நாள் மதிப்பு மூன்று லட்சத்து எண்பத்தாறாயிரம் ரூபாய்.

"மூணு லட்சம்னு முழுசாச் சொன்னா ஒரு பய நம்பமாட்டான். எண்பத்தாறாயிரத்தச் சேத்துக்கங்க" என்றார் மச்சினர். அறிவியல் முறைப்படி சேர்த்துக்கொண்டோம்.

உயிருள்ள சான்று ஒன்று வேண்டுமே? செல்வமேரி இருந்தாள். எங்களிடமே வேதியியல் படித்து முதல் வகுப்பில் தேறி, எட்டு வருஷமாக எங்கள் ஆய்வகத்திலேயே செய்முறை சொல்லித் தருபவள். மாதம் நானூறு ரூபாய்க்குக் கையெழுத்துப் போட்டு நூற்றைம்பதை வாங்கிக்கொள்ளும் உரிமை அவளுக்கு உண்டு. வேலையில் சேருகிறவர்கள் அசல் பட்டத்தை அலுவலக பீரோவில் ஒப்படைப்பது எங்கள் கல்லூரிப் பண்பாடு. மலைக்குளிரில் காகிதம் பூசணம் பிடித்துவிடும் பாருங்கள். ஆள் வேறு வேலைக்குப் போய்விடுவார் என்ற பயமெல்லாம் எங்களுக்குச் சுத்தமாகக் கிடையாது.

பட்டத்தின் மதிப்பைப் பெற்றோருக்கு அறிவிக்கும் விழா சனிக்கிழமை. வெள்ளிக்கிழமையே செல்வமேரி தாளாளர் அறைக்கு வந்து நின்றாள்.

"சார், திங்கக்கெழம வெள்ளனே மதுரையில இன்டர்வியூங்க. கவர்மென்ட் ஸ்கூல் வேலை. அசலு இல்லாம உள்ளயே விடமாட்டாங்களாம். இந்த வருசம் விட்டா வயசு தாண்டிரும் சார். அம்மாவுக்கு லாட்ஜுல போர்வ தொவைச்சுத் தொவைச்சு கையெல்லாம் வெடிச்சுக் கெடக்கு."

"பதறாதம்மா. மூணு மாசம் நோட்டீஸ் குடு, பரிசீலிப்போம். பட்டம் பத்திரமாத்தான கெடக்கு?"

"அது பத்திரமாத்தான் சார் கெடக்கு. நான்தான் வெளிய கெடக்கேன்."

தாளாளர் வாய்விட்டுச் சிரித்தார். "கெமிஸ்ட்ரி படிச்சா என்னமாப் பேச வருது பாத்தியாய்யா!" என்று, அதையும் பட்டத்தின் பயன்களில் சேர்க்கச் சொன்னார். சேர்த்தேன். பீரோச் சாவி என் சட்டைப்பையில் இருந்தது. செல்வமேரி அந்தப் பையை ஒரு தடவை பார்த்தாள். நான் பேனாவுக்கு மை போடப் போய்விட்டேன்.

சனிக்கிழமை மூன்று மணிக்கு விழா. மூடுபனியிலும் பெற்றோர் கூட்டம் நிரம்பி வழிந்தது. தாளாளர் தொகையை அறிவித்தார், பலத்த கைதட்டல். பிறகு செல்வமேரியை மேடையேற்றி, "இதோ, மூன்று லட்சத்து எண்பத்தாறாயிரம் ரூபாய் உங்கள் முன்னால் நிற்கிறது!" என்று முழங்கினார்.

முதல் வரிசையிலிருந்து பிச்சை முகம்மது பாய் எழுந்தார். "மூணு லட்சத்தோட ஸ்வெட்டர் முழங்கையில ரெண்டு ஒட்டு இருக்கேங்க" என்றார். "போகட்டும். அந்தப் பட்டத்தக் கொஞ்சம் காட்டுங்க. சரக்கக் கண்ணால பாக்காம நான் துட்ட எடுக்கறதில்ல."

"ஆமாங்க, காட்டுங்க!" என்றது கூட்டம்.

சேர்க்கை கைநழுவுமோ என்று தாளாளருக்கு வியர்த்தது. "மனுவேலு, வெரசாப் போயி எடுத்துட்டு வாய்யா!"

போனேன். பீரோவில் அவளுடையதுதான் மேலாக இருந்தது. எடுத்து வந்தேன். தாளாளர் அதைக் கண்ணில் ஒற்றிக்கொண்டு அவள் கையில் கொடுத்தார். "எல்லாருக்கும் தெரியற மாதிரி தூக்கிப் பிடிம்மா. கீழ எறங்கி, வரிச வரிசையாக் காட்டிட்டு வா."

செல்வமேரி இறங்கினாள். பாய் இரண்டு விரலால் தடவிப் பார்த்து, "நல்ல சரக்குதான் தாயி, கொண்டு போ" என்றார். இரண்டாம் வரிசைக்குக் காட்டினாள், மூன்றாம் வரிசைக்குக் காட்டினாள். கடைசி வரிசைக்குப் பக்கத்தில் வாசல். அப்படியே வெளியே நடந்தாள். மதுரை பஸ் நாலரைக்கு. அதுவும் நிகழ்ச்சியில் ஓர் அம்சம் என்று நினைத்து எல்லாரும் தட்டினார்கள், தாளாளர் உட்பட.

"எங்கய்யா போறா?" என்று கேட்டபோதும் அவர் கை தட்டிக்கொண்டுதான் இருந்தது.

"மதுரைக்குங்க" என்றேன்.

வேலை கிடைத்துவிட்டது. சம்பளம் ஐந்நூற்றுப் பத்து, முழுசாகக் கையில். உயர்மட்டக் குழு அவசரமாகக் கூடி, அசல் பட்டங்களை மேடையில் காட்டுவதைத் தடை செய்தது. சுலைகாவும் எங்களிடம் சேர்ந்தாள். "படிச்சு முடிச்சதும் பட்டம் எங்க கடை இரும்புப் பெட்டிக்குத்தான் வரும்" என்று பாய் எழுதி வாங்கிக்கொண்டார்.

பீரோவில் இப்போது பதினோரு பட்டங்கள். ஒன்றில்கூடப் பூசணம் இல்லை. அன்று செல்வமேரியின் பட்டத்துக்கு நேர் கீழே இருந்தது இயற்பியல், முதல் வகுப்பு, பெயர் மனுவேல். சேர்ந்த நாளில் ஒப்படைத்தது, பதினோரு வருஷமாக அங்கேயே கிடக்கிறது.

ஆகவே, பட்டம் எதற்கு உதவும் என்று இனி யார் கேட்டாலும் கூசாமல் சொல்வேன். முதல் வகுப்பில் தேறிய ஒருவன், மற்ற பத்துப் பேருடைய பிழைப்பைத் தன்னுடையதோடு சேர்த்துப் பூட்டி, சாவியைச் சட்டைப்பையில் போட்டுக்கொண்டு, திறப்பதற்கு உத்தரவு வரட்டும் என்று உட்கார்ந்திருக்க உதவும்.