கிட்டப் போகும் பரீட்சை

இந்த வருஷ லீவில் தூங்கியே தீருவது என்று முடிவு செய்தேன். தலையே போனாலும் சரி.

எனக்குத் தொழில் லிஃப்ட் ரிப்பேர். வருஷம் பூரா ஊரை மேலே ஏற்றிவிட்டு நான் கீழே நிற்கிறவன். மொத்தம் ஒன்பது நாள் லீவு. போன வருஷம் அந்த ஒன்பது நாளும் ஹாலுக்கு வெள்ளையடித்தேன். அதற்கு முந்தின வருஷம் தண்ணீர்த் தொட்டி கழுவினேன். ஒரு தொட்டிக்கு ஒன்பது நாளா என்று கேட்காதீர்கள். என் மனைவி மேற்பார்வை பார்த்தால் ஒரு டம்ளர் கழுவவே மூன்று நாள் பிடிக்கும். இந்த வருஷம் பரணை ஒழிக்கப் போவதாக வீட்டில் பேச்சு அடிபட்டது. எங்கள் பரணில் கல்யாணத்தன்று ஏறிய சாமான் இன்னும் தரையைப் பார்க்கவில்லை.

எனக்கு வேண்டியது ஒன்றே ஒன்று. பட்டப்பகலில், சட்டையைக் கழற்றிவிட்டு, ஃபேனுக்கு நேர் கீழே மல்லாந்து படுத்துத் தூங்க வேண்டும். சத்தியமாக வேறு ஆசையே இல்லை.

அதற்காகத்தான் பழைய புத்தகக் கடையில் செங்கல் மாதிரி ஒரு இங்கிலீஷ் புத்தகத்தை வாங்கிக்கொண்டு வீட்டுக்குள் நுழைந்தேன்.

“என்னங்க அது, தலகாணியா?”

“பாடப் புக்கு. எனக்குப் பரீட்சை.”

“உங்களுக்கா? எந்தப் புண்ணியவான் வெச்சான்?”

“கம்பெனிதான். லீவு கடைசி நாள் எழுதணும். ஃபெயிலானா வேலைக்கே ஆபத்து.”

“ஐயையோ! என்ன பாடம்?”

அதை யோசிக்கவே இல்லை. புத்தகத்தைச் சட்டென்று பிரித்துக் கண்ணில் பட்ட பக்கத்தைப் பார்த்தேன்.

“கிட்டப் போறது.”

“எதுகிட்ட?”

“லிஃப்டுக்குள்ள ஒருத்தர் மாட்டிக்கிட்டார்னு வெச்சுக்க. உள்ள கும்மிருட்டு. மனுஷன் நடுங்கறார். நான் வெளிய நின்னு, இதோ கிட்ட வந்துட்டேன்னு இங்கிலீஷ்ல தைரியம் சொல்லணும்.”

“அதுக்கு இத்தாம் பெரிய புக்கா?”

“பின்ன? தமிழ்ல கிட்ட வான்னா வந்துட்டுப் போறான். அவங்களுக்கு நடந்து வந்தா வாக் அப். ஓடி வந்தா ரன் அப். பதுங்கி வந்தா க்ரீப் அப். நாலா பக்கமும் நெருக்கிட்டு வந்தா குளோஸ் இன். ஒவ்வொண்ணுக்கும் பின்னாடி வால் மாதிரி ஒரு பொடி வார்த்தை. வாலை மாத்திப் போட்டா அர்த்தமே எங்கயோ போயிடும்.”

“லிஃப்டுகிட்ட எதுக்குங்க பதுங்கிப் போகணும்?”

“அது... சிலபஸ்ல இருக்கு.”

“பதினாலு வருஷமா சமையல்கட்டு இருக்கற திசைக்கே வராதவர் நீங்க. அதுக்கு என்ன இங்கிலீஷ்?”

“அது அடுத்த வருஷப் பாடம்.”

நம்பிவிட்டாள்! “சரி, படிங்க. பரண் கிடக்கட்டும்” என்று சொல்லிவிட்டுப் போனாள். கதவைச் சாத்திக்கொண்டு நான் போட்ட குதியாட்டத்தில் கட்டில் கால் ஒன்று ஆடிப்போனது. அன்று மத்தியானம் புத்தகத்தை முகத்தில் கவிழ்த்து இரண்டரை மணி நேரம் தூங்கினேன். ஆஹா, அதுவல்லவா தூக்கம்!

மறுநாள் கண் விழித்தால் கட்டிலருகே அவள்.

“என்னங்க, முகத்துல கவுத்துக்கிட்டா பாடம் தானா உள்ள இறங்குமா? எதிர்வீட்டு டீச்சரைக் கேட்டேன். இந்தப் பாடமெல்லாம் உடம்பால செஞ்சு பாத்தாத்தான் ஏறுமாம். எந்திரிங்க, நான் கூட இருந்து சொல்லித் தர்றேன். உங்க வேலையாச்சே, எனக்கு மனசு கேக்கல.”

குரல் தழுதழுத்தது. பாவம், இப்படி ஒரு வெகுளியா என்று எனக்கே சங்கடமாக இருந்தது. பத்து நிமிஷம் நடந்து காட்டினால் திருப்தியாகி விட்டுவிடுவாள் என்று எழுந்தேன்.

“வாக் அப்புன்னீங்களே, வாஷிங் மெஷின்கிட்ட பண்ணுங்க பாக்கலாம்.”

நடந்து போனேன். “வாக் அப் டு தி வாஷிங் மெஷின்!”

“பிரமாதம்! போனவர் வெறுங்கையோடவா வருவீங்க? அந்தத் துணிய அள்ளிட்டு வந்து காயப் போடுங்க. ஐயோ, பால் பொங்குது! ரன் அப், ரன் அப்!”

ஓடினேன். உச்சரிப்பு சுத்தமாக வந்தது. எனக்கே பெருமை தாங்கவில்லை.

மூன்றாம் நாள் க்ரீப் அப். பதுங்கிப் போக ஏதாவது வேண்டுமே? பரணில் எலி இருக்கிறதாம். ஏணியில் ஓசைப்படாமல் ஏறினேன். எலி என் இங்கிலீஷைக் கேட்கக் காத்திருக்கவில்லை, அண்டாவுக்குப் பின்னால் ஓடியது. அண்டாவை இறக்கினேன். பெட்டிக்குப் பின்னால் ஓடியது. பெட்டியை இறக்கினேன். இப்படியே நான்கு நாள் அது ஓட ஓட, நான் பதுங்கப் பதுங்க, பரணில் இருந்த பதினாலு வருஷமும் ஹாலுக்கு இறங்கி வந்தது. அதைத் துடைத்து, பாதியைப் பழைய சாமான்காரனுக்குத் தள்ளிவிட்டு, மீதியை ஏற்றி அடுக்கினேன். ஏழாம் நாள் குளோஸ் இன்.

“ஒத்த ஆளா எப்படிம்மா நாலு பக்கமும் நெருங்கறது?”

“ஒட்டடைக் கம்ப எடுத்துக்கிட்டு மூலை மூலையா வாங்க. நடுவுல வந்து சேரும்போது நெருங்கினதாத்தானே அர்த்தம்?”

என்ன மூளை! இடுப்பு ஒடிந்தது, தும்மித் தும்மி மூக்கு பப்பாளியாகச் சிவந்தது. ஆனால் ஒன்று கவனியுங்கள். இவ்வளவு நாளும் இல்லாத பரீட்சையை இருக்கிறது என்று நம்பிக்கொண்டு என் பின்னாலேயே அலைந்தாளே ஒருத்தி, அவளை நினைத்து உள்ளுக்குள் சிரிப்பு பொத்துக்கொண்டு வந்தது. என் மனைவியை ஏமாற்ற முடியும் என்று நிரூபித்த முதல் மனிதன் நான்.

கடைசி நாள் இஸ்திரி போட்ட சட்டை, இரண்டு பேனாவோடு கிளம்பினேன். நேராகப் பூங்கா. மூன்று மணி நேரம் சிமென்ட் பெஞ்சில் சாய்ந்து பொரி தின்றேன். பிறகு ராஜநடை போட்டு வீட்டுக்குத் திரும்பினேன்.

“தொண்ணூத்தாறு!” என்று வாசலிலேயே அறிவித்தேன். “மொத்த கம்பெனிக்கும் நான்தான் ஃபர்ஸ்ட்!”

“எனக்குத் தெரியுங்க, நீங்க ஜெயிப்பீங்கன்னு!” சூடாக டீயைக் கையில் கொடுத்தாள். பளபளக்கும் பரணைப் பார்த்தபடி காலை நீட்டி உட்கார்ந்தேன். மகாராஜா தோற்றான்.

“உங்க மேனேஜர்கிட்டயும் சொல்லிடுங்க, பாவம், சந்தோஷப்படுவார்” என்றாள்.

டீயைக் கீழே வைத்தேன். “அவர்கிட்ட எதுக்கு?”

“லீவு முதல் நாள் நீங்க தூங்கறப்ப போன் பண்ணினார். பரீட்சைன்னு ஒண்ணு இருக்கறதே அவருக்கு நான் சொல்லித்தான் தெரியும்.”

“முதல் நாளேவா?”

“ஆமாங்க. அடுத்த வருஷ லீவுல ஜன்னலுக்கெல்லாம் பெயின்ட் அடிக்கணும். அதுக்கு எந்தப் பாடம் சரியா வரும்னு நீங்களே பாத்து வெச்சுடுங்க.”