ஈடன் அவென்யூ பேருந்து நிறுத்தம்

சென்னையில் வாடகை வீட்டில் குடியிருப்பவர்களுக்கு நாற்பது வயது வாக்கில் ஒரு வியாதி வரும். ஞாயிற்றுக்கிழமை பேப்பரைப் பிரித்தால் தலைப்புச் செய்தியை விட்டுவிட்டு நேராக மனை விளம்பரத்துக்குப் போவார்கள். ராயபுரத்தில் குடியிருந்த, துறைமுகத்தில் குமாஸ்தாவாகப் பணியாற்றிவந்த திருவாளர் செபாஸ்டியன் அவர்களுக்கு அந்த வியாதி 1986இல் கண்டது. இரண்டே வருடத்தில் முற்றிவிட்டது.

விளம்பரம் இதுதான்: 'பூந்தமல்லிக்கு மிக அருகில், பாரிவாக்கத்தில் ஈடன் அவென்யூ. அகன்ற சாலைகள். பூங்கா. மனை வாசலிலேயே பேருந்து நிறுத்தம்.'

இதில் ஒரு பொய்கூட இல்லை என்பதை நான் இப்போதே சொல்லிவிடுகிறேன். சாலைகள் அகலமாகத்தான் இருந்தன. சாலை எங்கே முடிகிறது, கடலைக்காடு எங்கே தொடங்குகிறது என்று யாருக்கும் தெரியாத அளவுக்கு அகலம். பூங்கா என்று எழுதிய பலகை இருந்தது, அதன் அடியில் ஆடுகள் மேய்ந்தன. பேருந்து நிறுத்தமும் இருந்தது. இரும்புக் கம்பம், தலையில் தகரம், தகரத்தில் பஸ் படம், கீழே 'ஈடன் அவென்யூ' என்று கொட்டை எழுத்து.

மனை வியாபாரி கஜபதி, ஆட்களை வேனில் ஏற்றிக்கொண்டுபோய்க் காட்டினார். இறங்கியதும் ஆளுக்கொரு பிரியாணிப் பொட்டலம் கொடுத்தார். பொட்டலம் கையில் சுடும்போது யாரும் சில்லறைக் கேள்விகள் கேட்பதில்லை. செபாஸ்டியனின் மனைவி ஞானசௌந்தரி மட்டும் கேட்டார். அவர் ராயபுரத்தில் கன்னியர் நடத்தும் பள்ளி ஒன்றில் டீச்சர்.

"பஸ் எத்தனை மணிக்கு ஒரு தரம் வரும்?"

"இன்னா மேடம் இப்டி கேட்டுட்டீங்க? ஸ்டாப்பே போட்டாச்சு. பஸ் வராம எங்க பூடும்?" என்றார் கஜபதி.

இந்த வாதத்தை நம்பி முன்பணம் கட்டினார்கள். டீச்சரின் வளையல்கள் செங்கல்லாயின. 1988 ஜூனில் வீடு எழும்பி, பங்குச் சாமியார் வந்து வீட்டை மந்திரித்து, வாசலில் 'ஈடன் காட்டேஜ்' என்று சலவைக்கல் பதித்தாயிற்று. ராயபுரத்தில் வீட்டுக்கு நம்பர்தான் உண்டு. அவென்யூவில் குடியேறுகிறவனுக்கு நம்பர் போதாது. இங்கிலீஷில் பெயர் இல்லாத வீட்டில் அந்தக் காலத்தில் யாரும் நிம்மதியாகத் தூங்கியதில்லை.

பள்ளி திறந்த திங்கட்கிழமை காலை ஏழு மணிக்கு டீச்சர் கம்பத்தின் அடியில் போய் நின்றார். எட்டு மணிக்கு நாகேந்திரன் வந்தார். அந்த நிலமெல்லாம் ஒரு காலத்தில் அவர் குடும்பத்து நிலம். கஜபதியிடம் விற்றுவிட்டு, விற்ற நிலத்தின் ஓரத்திலேயே டீக்கடை வைத்திருந்தார்.

"இன்னா டீச்சர், யாருக்குக் காத்துகினு கீறீங்க?"

"பஸ்ஸுக்கு."

நாகேந்திரன் கம்பத்தை மேலும் கீழும் பார்த்தார். "இதுக்கு நான்தாம்மா குழி நோண்டுனேன். கஜபதி அண்ணாத்தே கூலி குட்த்து நடச் சொன்னாரு. பஸ்ஸு வரும்னு யாரு சொன்னது? எங்க தாத்தா காலத்துலேர்ந்து இது கழுதமேடு. கழுதகூட இங்க நின்னதில்ல."

டீச்சர் மெயின்ரோடுக்கு நடந்தார். மூன்று கிலோமீட்டர். பிறகு இரண்டு பஸ். பள்ளிக்குள் நுழைந்தபோது மணி பத்தேகால். தலைமைச் சகோதரி கடிகாரத்தைப் பார்த்துவிட்டு, வருகைப் பதிவேட்டில் சிவப்புக் கோடு போட்டார். அடுத்த நாள் முதல் விடிந்ததும் கிளம்பினாலும் இரண்டு பஸ்ஸில் ஒன்று காலைவாரியது. மூன்று தாமதத்துக்கு அரை நாள் விடுப்பு என்பது அந்தப் பள்ளியின் விதி. ஜூலை முடிவதற்குள் விடுப்பெல்லாம் தீர்ந்தது. அதன்பின் ஒரு கடிதம் வந்தது. டிசம்பருக்குள் நேரத்துக்கு வந்து பழகாவிட்டால் புத்தாண்டில் வேறு டீச்சர்.

அன்று மாலை ஞானசௌந்தரி செருப்பைக் கழற்றிக் கணவரின் முன்னால் வைத்தார். குதிகாலில் ஓட்டை விழுந்திருந்தது.

"ஏங்க, கிறிஸ்துமஸ் வரைக்கும் பாப்பேன். பஸ்ஸு வரலேன்னா நான் ராயபுரத்துல எங்க அக்கா வீட்டுக்குப் போயிடுவேன். நீங்க இந்த ஏதேன் தோட்டத்துல தனியா இருங்க. பாம்பும் இருக்குது, துணைக்கு."

மறுநாளே செபாஸ்டியன் லீவு போட்டுவிட்டு, அவென்யூவாசிகள் அனைவரும் கையெழுத்திட்ட மனுவோடு போக்குவரத்து அலுவலகத்துக்குப் போனார். தடப் பிரிவு அதிகாரி ராஜசேகரன் மனுவைப் படித்தார். மூக்குக்கண்ணாடியைத் துடைத்துப் போட்டுக்கொண்டு இன்னொரு தரம் படித்தார்.

"அந்த நிறுத்தத்தில் பயணிகள் நிற்கிறார்களா?"

"பஸ்ஸே வர்றதில்லையே சார். எதுக்கு நிப்பாங்க?"

"ஆக, நிற்பதில்லை."

"இல்ல சார்."

"நிற்காத பயணிக்கு எப்படி ஐயா பஸ் விடுவது? காலி நிறுத்தத்துக்கு வண்டி விட்டால் தணிக்கையில் எனக்கல்லவா கேள்வி வரும்? முதலில் நில்லுங்கள். நின்றால் ஆய்வு செய்யலாம். ஆய்வு செய்தால் பரிசீலிக்கலாம்."

செபாஸ்டியன் அவரைக் கும்பிட்டுவிட்டு வந்தார். நம் ஜனங்களிடம் எனக்குப் பிடிக்காதது இதுதான். ஒரு முட்டாள்தனத்தை ஒருவன் சத்தமாகச் சொன்னால் கோபம் வரும். அதையே நாற்காலியில் உட்கார்ந்து மெதுவாகச் சொன்னால் கும்பிடுவார்கள்.

ஈடன் அவென்யூவில் அவசரக் கூட்டம் நடந்தது. காத்திருப்போர் பட்டியல் ஒன்று தயாரானது. காலை ஏழு முதல் பதினொன்று வரை இருபத்துமூன்று பேர் நிற்பது என்று ஏகமனதாகத் தீர்மானம். உண்மையிலேயே வேலைக்குப் போக வேண்டியவர்கள் நிற்க முடியாது. அவர்கள் மெயின்ரோடுக்கு நடந்தாக வேண்டும். ஆகவே எங்கும் போகத் தேவையில்லாதவர்களே பட்டியலில் இடம்பெற்றார்கள். ஓய்வுபெற்ற தபால்காரர் ஆரோக்கியசாமி தலைமை. ஆள் குறைந்த நாளில் நாகேந்திரன் தன் மனைவி பூங்காவனத்தை சலவை செய்த புடவை கட்டச் சொல்லி அனுப்புவார்.

"எங்க போறேன்னு கேட்டா இன்னா சொல்ல?" என்று அந்த அம்மாள் கேட்டார்.

"பாரிஸ் கார்னர்னு சொல்லு. கெத்தா இருக்கும்."

ஆகஸ்ட் மாதத்தில் ராஜசேகரன் ஜீப்பில் வந்தார். ஆய்வு பதினைந்து நாள் நடக்கவேண்டும். அவர் டீக்கடையில் அமர்ந்து, ஒரே காலையில், இரண்டு டீயும் நாலு மசால்வடையும் ஆவதற்குள் பதினைந்து நாள் படிவத்தையும் பூர்த்தி செய்தார். படிவத்தில் மூன்று கட்டங்கள்: காத்திருந்தோர், ஏறியோர், எஞ்சியோர். எல்லா நாளுக்கும் ஒரே கணக்கு எழுதினார்.

அந்த அறிக்கையை நானே என் கண்ணால் பார்த்திருக்கிறேன். மனப்பாடமே ஆகிவிட்டது. 'மேற்படி நிறுத்தத்தில் நாள்தோறும் இருபத்துமூன்று பயணிகள் காத்திருக்கின்றனர். எனினும் ஆய்வு நடைபெற்ற பதினைந்து நாள்களில் ஒருவர்கூடப் பேருந்தில் ஏறவில்லை என்பது கவனத்திற்குரியது. இதனால் இப்பகுதி மக்களுக்குப் பயணம் செய்யும் எண்ணம் இல்லை என்பதும், காத்திருப்பதில் மட்டுமே நாட்டம் உள்ளது என்பதும் ஐயத்திற்கு இடமின்றித் தெளிவாகிறது. எனவே பேருந்து தேவையில்லை. நிழற்குடை ஒன்று அமைக்கப் பரிந்துரைக்கப்படுகிறது.'

அரசாங்கம் பரிந்துரையைத் தள்ளவில்லை. அக்டோபரில் நிழற்குடை வந்தது. சிமெண்டு பெஞ்சு, மொசைக் தரை, 'எச்சில் துப்பாதீர்' என்று ஒரு வாசகம். திறப்புவிழாவுக்கு மூன்று அதிகாரிகள் வந்தார்கள், மூவரும் காரில் வந்தார்கள். பொதுமக்களின் நீண்டநாள் கோரிக்கை நிறைவேறியது என்று ஒருவர் பேசினார். பொதுமக்கள் கைதட்டினார்கள். செபாஸ்டியனும் தட்டினார். பக்கத்தில் இருந்த ஞானசௌந்தரி அவரைப் பார்த்த பார்வையில் தட்டப்போன கை பாதியில் நின்றுவிட்டது.

"இன்னும் ரெண்டு மாசம்" என்றார் டீச்சர்.

கஜபதி சும்மா இருப்பாரா? அடுத்திருந்த நிலத்தையும் வளைத்து 'ஈடன் அவென்யூ இரண்டாம் பகுதி' தொடங்கினார். விளம்பரத்தில் 'அரசு நிழற்குடையுடன் கூடிய பேருந்து நிறுத்தம்' என்று சேர்ந்துகொண்டது. நவம்பர் முதல் ஞாயிறு வேன்கள் வந்தன. அன்றும் பழக்கதோஷத்தில் ஆரோக்கியசாமியும் நாலைந்து பேரும் நிழற்குடையில் உட்கார்ந்திருந்தார்கள். வேனிலிருந்து இறங்கிய ஒருவர் சொன்னது செபாஸ்டியன் காதில் விழுந்தது.

"பாத்தியா, எவ்ளோ ஜனம். பஸ்ஸு இப்பத்தான் போயிருக்கும்போல."

அந்தக் கணத்தில் செபாஸ்டியனுக்கு ஞானம் பிறந்தது. காலி நிறுத்தத்தைப் பார்த்தால் சந்தேகம் வரும். நாலு பேர் நிற்கும் நிறுத்தத்தை யாரும் சந்தேகிப்பதில்லை. தனக்கு முன்னால் நிற்பவன் விசாரித்துவிட்டுத்தான் நிற்கிறான் என்று ஒவ்வொருவனும் நம்புகிறான்.

அடுத்த ஞாயிறு அவர் கேட்டுக்கொண்டபடி இருபத்துமூன்று பேரும் முழுப் பலத்தோடு நின்றார்கள். செபாஸ்டியன் இஸ்திரி போட்ட சட்டையில், கைக்கடிகாரத்தை அடிக்கடி பார்த்தபடி, முன்வரிசையில். வீட்டுக் கதவில் 'வீடு விற்பனைக்கு' என்ற அட்டை.

"இது பொய் இல்லையாங்க? பாவம் இல்லையா?" என்றார் ஞானசௌந்தரி.

"நான் ஒரு வார்த்தை பேசலம்மா. நிக்கிறேன். நின்னா பாவமா?"

மூன்றாவது வேனிலிருந்து இறங்கினார் ராஜசேகரன். டிசம்பர் கடைசியில் அவருக்கு ஓய்வு. மந்தைவெளி வாடகை வீட்டை விட்டு அமைதியான இடத்தில் போய் இருக்கலாம் என்று குடும்பத்தில் முடிவாகியிருந்தது. போச்சு, எல்லாம் தெரிந்த மனிதர் என்று நினைத்தார் செபாஸ்டியன்.

ராஜசேகரன் நிழற்குடையைக் கையால் தட்டிப் பார்த்தார். பெருமையாக இருந்தது அவருக்கு.

"சார் வந்து..." என்று இழுத்தார் செபாஸ்டியன். மனசாட்சி ஒரு தரம் எட்டிப் பார்த்தது. "பஸ் விஷயம் விசாரிச்சீங்களா?"

"என்னிடமா கேட்கிறீர்கள்? இந்த இடத்தை ஆய்வு செய்தவனே நான். பஸ் வராத ஊருக்கு எங்கள் அலுவலகம் நிழற்குடை அனுமதிக்குமா? ஏதாவது காரணம் இல்லாமலா பரிந்துரைத்திருப்பார்கள்?"

"பரிந்துரைச்சது..."

"அதெல்லாம் விதிப்படி நடந்திருக்கும்."

மனசாட்சி உள்ளே போய்க் கதவைச் சாத்திக்கொண்டது. டிசம்பர் இருபதாம் தேதி ஈடன் காட்டேஜ் ராஜசேகரன் பெயரில் பதிவானது. கிறிஸ்துமஸ் திருப்பலியை ஞானசௌந்தரி ராயபுரத்தில் கண்டார். ஜனவரியில் பள்ளி மணி அடிப்பதற்குப் பத்து நிமிடம் முன்பே போய் நின்றார். செபாஸ்டியன் விட்டுவந்த பழைய வீட்டுக்கு வேறு ஆள் வந்துவிட்டதால், அதே தெருவில் அதைவிடச் சின்ன வீட்டில், கூடுதல் வாடகையில் இருக்கிறார். ஞாயிற்றுக்கிழமைகளில் பேப்பரின் கடைசிப் பக்கத்தை எடுத்துப் படிக்கிறார். முத்தாபுதுப்பேட்டையில் ஏதோ நகர் வருகிறதாம். வாசலிலேயே ரயில் நிற்கப்போகிறதாம்.

ராஜசேகரன் புதுவீட்டில் பொங்கல் கொண்டாடினார். மறுவாரம் பென்ஷன் விஷயமாக அலுவலகம் போக வேண்டியிருந்தது. நிழற்குடையில் போய் உட்கார்ந்தார். பக்கத்தில் ஆரோக்கியசாமி.

"பஸ் எப்போது?"

"நாங்க சும்மா குந்திகினு கீறோம் சார்" என்றார் ஆரோக்கியசாமி. "நீங்கதானே எழுதினீங்க, எங்களுக்கு அதுலதான் நாட்டம்னு."

ராஜசேகரன் மூன்று கிலோமீட்டர் நடந்தார். அலுவலகத்தில் அவருடைய நாற்காலியில் மனோகரன் இருந்தார், அவரிடம் பன்னிரண்டு வருடம் வேலை கற்றவர். ராஜசேகரன் மனுவை நீட்டினார். மனோகரன் கோப்பை எடுத்து, குறிப்பிட்ட பக்கத்தைப் பிரித்து, மரியாதையாக அவர் பக்கம் திருப்பி வைத்தார்.

"கையெழுத்து உங்களோடது சார்."

"அது ஏதோ அன்றைக்கு..."

"ஆய்வு தப்பா சார்?"

தப்பு என்று எழுதிக்கொடுத்தால் பென்ஷன் நின்றுபோகும். அது ராஜசேகரனுக்குத் தெரியாத விதியா? முப்பத்துநாலு வருடம் அவர்தானே அதைச் சொல்லிக்கொண்டிருந்தார். அறிக்கையின் நகலை மட்டும் கேட்டு வாங்கிக்கொண்டு, கண்ணாடியைத் துடைத்தபடி எழுந்தார்.

அதற்கடுத்த ஞாயிறு முதல் அவர் காத்திருப்போர் வரிசையில் நின்றார். வெள்ளை வேட்டி, கையில் குடை, கக்கத்தில் கோப்பு. நாகேந்திரன் அவருக்கு முன்வரிசை ஒதுக்கினார். "சார் நின்னா ஒரு வெயிட்டு கீது" என்றார். உண்மைதான். மூன்றே ஞாயிற்றில் ஈடன் காட்டேஜ் விலைபோனது.

இவ்வளவு விவரமும் எனக்கு எப்படித் தெரியும் என்று நீங்கள் கேட்கலாம். வாங்கியவன் நான்தான். அந்த அறிக்கை நகலை அவர் பரணில் மறந்துவிட்டுப் போயிருந்தார். சாவியை வாங்கிய அன்றே படித்தேன், மிச்சக் கதையை நாகேந்திரன் டீக்கடையில் கேட்டேன். என்ன பிரயோஜனம், பத்திரம் அதற்கு முந்தின நாளே பதிவாகிவிட்டது. அந்த மனிதர் நின்ற கம்பீரத்தைப் பார்த்துவிட்டு, இவ்வளவு படித்தவர் நிற்கிற இடத்துக்குப் பஸ் வராமலா போகும் என்று நினைத்தவனை யார் காப்பாற்ற முடியும்?

இப்போது முன்வரிசையில் நான் நிற்கிறேன். கையில் இங்கிலீஷ் பேப்பர் இருந்தால் நல்லது என்று நாகேந்திரன் யோசனை சொல்லியிருக்கிறார். நீங்கள் ஒரு ஞாயிற்றுக்கிழமை குடும்பத்தோடு வந்து பாருங்கள். நல்ல காற்று, நல்ல தண்ணீர், நாலு பெரிய மனிதர்கள். பஸ் இப்பத்தான் போயிற்று.