பாகைமானி அளந்த காடு

உலகத்தில் எந்த முக்கோணத்தையும் நம்பாத ஆள் ஒருவன் உண்டென்றால், அது எங்கள் பாகைமானிதான். தொண்ணூறுகளின் தொடக்கத்தில் கோவில்பட்டியில் என்னோடு ஒன்பதாம் வகுப்பு படித்தான். புதூர்ப் பக்கம் ஆடு வளர்க்கிற வீட்டுப் பிள்ளை, விடுதியில் இருந்தான். பெற்றவர்கள் வைத்த பெயரை அட்டெண்டன்ஸ் எடுக்கும்போது மட்டும் கேட்போம்.

முக்கோணத்தின் மூன்று கோணங்களையும் கூட்டினால் நூற்றெண்பது பாகை என்று கணக்கு சார் நிரூபித்து முடிப்பார். நாங்கள் மந்திரம் மாதிரி மனப்பாடம் செய்துகொள்வோம். ஏ, பி, சி இருந்த இடத்தில் வேறு எழுத்து வந்தால் எங்கள் கதை கந்தல். அவன் மட்டும் எழுந்து நிற்பான்.

“அது நீங்க போட்ட முக்கோணத்துக்கு சார். நான் போட்டா?”

“எவன் போட்டாலும் அதாம்லே.”

“எல்லாத்தையும் அளந்து பாத்தியளா சார்?”

டீக்கடை சமோசாவைக்கூட அளந்துவிட்டுத்தான் தின்பான். எண்ணெய் ஏறி அவன் பாகைமானியில் எண்களே மங்கிவிட்டன.

நம்பாததை எழுதமாட்டான். அந்த நிரூபணக் கேள்வியை விட்டுவிட்டே காலாண்டு, அரையாண்டு இரண்டிலும் கணக்கில் கோட்டைவிட்டான். முழுப் பரீட்சையிலும் இப்படியென்றால் படிப்பு போதும், ஆடு மேய்க்க வா என்று அவன் அப்பா சொல்லிவிட்டார்.

பரீட்சைக்கு முன் ஊருக்குப் போனவன் வெற்றிவீரனாகத் திரும்பினான்.

“சார், எங்க காட்டுல முளையடிச்சுக் கயிறு கட்டி அளந்தேன். நூத்தியெம்பத்திரெண்டு வருது.”

“கரிசக்காடு மேடும் வெடிப்புமால்லா கெடக்கும். காடு தப்புலே.”

“காடு எப்படி சார் தப்பாவும்?”

சார் சாக்பீஸை நீட்டினார். “ஒங்காட்டையே போர்டுல போடு. நான் சொன்னதுல எந்த வரி இதுக்குப் பொருந்தலைன்னு காட்டு.”

கோணல் முக்கோணம் ஒன்று போட்டான். உச்சியில் இணைகோடு இழுத்தான். வரி வரியாகத் தப்புத் தேடினான். எந்த வரியிலும் அளவு என்ற பேச்சே இல்லை. மணி அடித்தும் நகரவில்லை. அவன் முகத்தைப் பார்க்க எனக்குப் பாவமாக இருந்தது.

“ஏலே, அளக்காமலே தெரியுதே,” என்றான் என்னிடம். “எங்க காட்டுக்கும் சேத்துல்லா சொல்லியிருக்கு!”

மே மாதம் கணக்கு சார் பஜாரில் என்னைப் பார்த்துவிட்டு சைக்கிளை நிறுத்தினார். பாகைமானி பரீட்சைத் தாளில் அந்த நிரூபணத்தை முழுசாக எழுதி, கீழே ஒரு வரி சேர்த்திருந்தானாம்: ‘வரைந்த படத்தை அளந்தும் பார்த்தேன். நூற்று எழுபத்தொன்பது வந்தது. அளவுதான் தப்பு.’

“பய பாஸுலே,” என்றார் சார். அவருக்கே வாயெல்லாம் பல்.

ஜூனில் பள்ளி திறந்த அன்று புதூர் பஸ் வரத் தாமதமானது. பக்கத்து இடத்தில் என் பையை வைத்து, உட்கார வந்தவனையெல்லாம் விரட்டிக்கொண்டிருந்தேன். அவன் இல்லாமல் கணக்கு வகுப்பில் உட்கார எனக்கு மனசே இல்லை.