கூரையில்லாத நூற்றுப் பதினான்கு வீடுகள்

நாசரேத்திலிருக்கும் அன்புள்ள ஹென்றி அத்தானுக்கு, தூத்துக்குடியிலிருந்து மைத்துனன் தேவபிரசாதம் எழுதிக்கொள்வது. கர்த்தருடைய கிருபையால் இங்கே என் இரண்டு கட்டைவிரல்கள் நீங்கலாக எல்லாரும் சுகம். அக்காவின் முழங்கால் வலி எப்படி இருக்கிறது என்று எழுதவும்.

போன மாதம் என் மகள் ஜெபசுதாவுக்கு நீங்கள் கொண்டுவந்த பெவின் சம்பந்தம் எனக்குச் சம்மதமில்லை. காரணத்தைக் கேளுங்கள். பெண்ணைக் கொடுக்கும் முன் மாப்பிள்ளை வீட்டைப் போய்ப் பார்ப்பதுதானே நம் வழக்கம்? பையனோ பெங்களூரில் வாடகைக்கு இருக்கிறான். "வாடகை வீட்டைப் பாத்து என்ன செய்ய? நான் கட்டுன வீடுகளைப் பாருங்க மாமா" என்று ஒரு விளையாட்டுப் பெட்டியை அனுப்பிவைத்தான். அதற்குள் மாமாவாம்! இரண்டு வருஷத்துக்கு முன் வெளிவந்த வீடியோ கேம். உலகம் அழிந்து நூறு வருஷம் கழித்து, மிச்சமிருக்கும் ஜனங்கள் பிழைக்கிற கதை. அதிலுள்ள வீடு, கிணறு எல்லாம் பெவினின் கைவேலை. துறைமுகத்தில் முப்பத்திரண்டு வருஷம் கட்டட ஓவர்சியராக இருந்தவன் சும்மா விடுவேனா? மூன்று வாரம் உட்கார்ந்து, கட்டைவிரல் வீங்கப் பொத்தானை அமுக்கி, நூற்றுப் பதினான்கு வீடுகளை ஏறி இறங்கிப் பார்த்துவிட்டேன்.

ஒன்றுக்காவது கூரை உண்டா? நூறு வருஷமாக ஒருத்தருக்கும் மேயத் தோன்றவில்லை. கக்கூஸ் தேடியே இரண்டு நாள் போயிற்று. பக்கத்திலேயே கடல் கிடக்கிறது, நம் ஊரென்றால் முதல் வாரமே பாத்தி கட்டி உப்பு வாரியிருப்பார்கள். அங்கே உப்பும் இல்லை, கருவாடும் இல்லை, நூறு வருஷத்துப் பழைய டப்பாவை உடைத்துத் தின்கிறார்கள், தின்றதும் உடம்பு தேறுகிறது! வழியில் நிற்கிறவனிடம் பேசினால் "என் பெட்டியை எடுத்துட்டு வா" என்பான். கொண்டுபோய்க் கொடுத்தால் "மலைக்கு அந்தப் பக்கம் இன்னொரு பெட்டி இருக்கு" என்பான். பெட்டி சுமக்கவா நான் ரிட்டயர் ஆனேன்? சண்டைக்கு வந்த முரடன் ஒருத்தன் சுவருக்குள்ள இடுப்பு வரை மாட்டிக்கிட்டு, அங்கன நின்னே என்னைத் திட்டுதான். என்ன கட்டுமானம் அத்தான் இது! கிணத்தைப் பத்திக் கேக்கவே கேக்காதீங்க. தண்ணி பூரா விஷம். குடிச்சுக் குடிச்சு நாப்பத்தோரு தடவை செத்தேன். நான் சாகச் சாக, நம்ம ஜெபசுதா பக்கத்துல உக்காந்து சிரிக்கா. "சிலுவை சாஞ்சு கிடக்க கோவிலுக்குப் பின்னால போய்ப் பாருங்கப்பா"ன்னு தினம் ஒரு தடவை சொல்லுதா. உலகத்தையே இப்படி வச்சிருக்கவன் கோவிலை மட்டும் என்ன லட்சணத்துல வச்சிருப்பான்னு நான் போகல.

நல்லதையும் சொல்லணும்லா. எந்தத் திசையிலயும் போகலாம், எவனும் மறிக்க மாட்டான். கீழ கிடக்க தகரத்துல மழை விழுற சத்தம் அசல். நாய் ஒண்ணு கூடவே வருது. என் சர்வீஸ்ல அவ்வளவு விசுவாசமா ஒரு ஆள் எனக்கு வாய்க்கல. அதுக்காகப் பொண்ணைக் குடுக்க முடியுமா? நல்ல தண்ணிக்கு ஒரு கிணறு வைக்கத் தெரியாதவன் வீட்டுல என் பிள்ளை எப்படிக் குடித்தனம் பண்ணும்? ஒத்தப் பிள்ளை அத்தான். பயமா இருக்கு.

ஆகவே சம்பந்தத்தை இத்துடன் நிறுத்தவும். அக்காவுக்கு என் அன்பு. கர்த்தர் உங்கள் வீட்டுக் கூரையையும் கிணற்றையும் காப்பாராக.

இப்படிக்கு,
தேவபிரசாதம்

பி.கு.: இதை உறையில் போட்டுவிட்டு, கடைசியாக ஒரு பார்வை என்று அந்தக் கோவிலுக்குப் பின்னால் போனேன். அங்கே ஒரு கிணறு. மேலே கூரை. தண்ணீரைக் குடித்தேன், சாகவில்லை. கைப்பிடிச் சுவரில் தமிழில் "ஜெபசுதா" என்று செதுக்கியிருக்கிறது. இவளைக் கூப்பிட்டேன். சிரிப்பைக் காணோம், கண் கலங்கி நிற்கிறாள். கேம் வந்து இரண்டு வருஷம். நீங்கள் சம்பந்தம் கொண்டுவந்தது போன மாதம். புதுசா பாத்த பையன்னு எங்கிட்ட சத்தியம் பண்ணுனீங்களே, நல்லா இருங்க! குருவானவரிடம் பேசி, கோவிலில் கல்யாண ஓலை வாசிக்க ஞாயிற்றுக்கிழமை குறித்துக்கொண்டு வாருங்கள். பெவினையும் கையோடு கூட்டி வரவும். மற்ற நூற்றுப் பதினான்கு கூரையைப் பற்றி நான் அவனிடம் பேச வேண்டியிருக்கிறது.