நானூற்றுப் பன்னிரண்டு பேர் பாராட்டிய தூண்டில்

ஒரு காட்டில் ஒரு சுற்றறிக்கை வந்தது. வாயால் மீன் பிடிப்பது காட்டுத்தனம் என்றும், காட்டுக்குள் காட்டுத்தனம் கூடாது என்றும் அதில் எழுதி, சிங்கம் கையெழுத்துப் போட்டிருந்தது. இனி யாராக இருந்தாலும் தூண்டில் கம்பு வைத்துத்தான் மீன் பிடிக்க வேண்டும். அதே வாரத்தில் மண்புழுக்கள் சங்கம் எங்கோ போய் ஒரு தடை உத்தரவு வாங்கி வந்தது. அதனால் கொக்கியில் உயிருள்ள புழுவைக் கோர்ப்பதும் நின்றுபோனது. பிளாஸ்டிக் புழு மட்டுமே செல்லும்.

இதில் வசமாக மாட்டிக்கொண்டவர் தணிகாசலம் என்ற நீர்நாய். ஆற்றின் ஆழ்ந்த மடுவில், நாவல் மரத்தடித் துறை அவருடையது. குடியிருப்பும் அங்கேதான், சாப்பாடும் அங்கேதான். அமாவாசையன்று துறை ஆய்வாளர் வருவார். அவர் கண் முன்னால் கம்பு போட்டு ஒரு விரால் மீனாவது பிடித்துக் காட்ட வேண்டும். காட்டாவிட்டால், காத்திருப்போர் பட்டியலில் முதலில் உள்ளவருக்குத் துறை போய்விடும். முதலில் இருந்தவர் ஒரு கூழைக்கடா. ஆய்வாளர் ஏகாம்பரம் என்ற கொக்கு. கூழைக்கடா ஏகாம்பரத்துக்கு மச்சான்.

தணிகாசலம் எதையும் விசாரிக்காமல் வாங்குகிறவர் அல்ல. காட்டில் கம்பு விற்கும் ஒரே கடை முள்ளம்பன்றி பரஞ்சோதியுடையது. அங்கே மூன்று ரகம் இருந்தது. முதல் ரகத்தின் விலை ஏழு தேனடை. தணிகாசலம் அதைத் தொட்டுப் பார்த்துவிட்டுக் கையைத் துடைத்துக்கொண்டார். இரண்டாவது ரகம் இரண்டு தேனடை. மூன்றாவதும் அதே விலைதான், ஆனால் பிளாஸ்டிக் புழு பத்து இலவசம்.

பரஞ்சோதி இரண்டாவதை எடுத்துக் கையில் கொடுத்தார். பிளாஸ்டிக் புழுவை மீன் உயிர்ப்புழு மாதிரி லபக்கென்று விழுங்காது, லேசாக வாயில் வைத்துப் பார்த்துவிட்டுத் துப்பிவிடும் என்றார். அந்த ஒரு நொடி கைக்குத் தெரிய வேண்டும். அதற்கு நுனி சுறுசுறுப்பாக இருக்க வேண்டும், அடிப்பாகம் விறைப்பாக இருக்க வேண்டும். மூன்றாவது கம்பு நுனியிலிருந்து அடிவரை வெந்த முருங்கைக்காய் என்றார்.

"அப்புறம் ஏன் அதை விக்கிறீங்க?" என்று கேட்டார் தணிகாசலம்.

"கேக்குறாங்க, விக்கிறேன்."

கடைக்காரர் பேச்சை நம்பி வாங்குவது அந்தக் காலம் என்று தணிகாசலத்துக்குத் தெரியும். ஓரமாக உட்கார்ந்து போனை எடுத்து, காட்டு இணையத்தில் மக்கள் கருத்தைப் படித்தார். தூண்டிலை நேரடியாக அனுபவித்தவர்கள் மட்டுமே அங்கே கருத்து எழுத முடியும். அதுவரை கம்பு வாங்கியவை குரங்குகள்தான். குரங்குகள் எதையும் எழுதி வைப்பதில்லை. ஆனாலும் மூன்றாவது ரகத்துக்கு நானூற்றுப் பன்னிரண்டு பேர் எழுதியிருந்தார்கள். எல்லோரும் ஐந்து நட்சத்திரம்.

"மிக மென்மையான தூண்டில். வாயில் உறுத்தலே இல்லை" என்று ஒருவர் எழுதியிருந்தார். "குடும்பத்தோடு அனுபவித்தோம். எல்லோரும் பத்திரமாக வீடு திரும்பினோம்" என்றது இன்னொன்று. "தூண்டில் நரம்பு சரியான நேரத்தில் அறுந்தது. தயாரித்தவர்களுக்கு நன்றி" என்றது மற்றொன்று.

இரண்டாவது ரகத்துக்கு ஒற்றை நட்சத்திரம். "எங்கள் அண்ணன் ஒரே ஒரு முறை முயன்றார். அதன் பிறகு அவரிடமிருந்து தகவல் இல்லை." தணிகாசலம் தலையை ஆட்டிக்கொண்டார். வாங்கிய பிறகு கடையில் கவனிப்பு சரியில்லை போலிருக்கிறது என்று நினைத்தார். எழுதியவர்கள் எல்லோரும் ஊர்ப் பெயர் 'ஆழ்மடு' என்று போட்டிருந்தார்கள். படித்தவர்கள் நிறைந்த ஊராக இருக்கும்.

மூன்றாவதை வாங்கிக்கொண்டு வீட்டுக்கு வந்தார்.

அவர் மனைவி செண்பகவல்லி கம்பை ஒருமுறை அசைத்துப் பார்த்தாள். அசைத்து முடித்த பிறகும் அது நெடுநேரம் ஆடியது. "சந்தைக்குப் போய் வாழைநார் வாங்கிட்டு வந்திருக்கீங்க" என்றாள். நானூற்றுப் பன்னிரண்டு பேர் சொல்வது பொய்யாகுமா என்று அவர் கேட்டார். அவள் நண்டு பிடிக்கப் போய்விட்டாள். சுற்றறிக்கையில் நண்டைப் பற்றி ஒரு வரியும் இல்லை என்பதை அவள் முதல் நாளே படித்து வைத்திருந்தாள்.

தணிகாசலம் பன்னிரண்டு நாள் பயிற்சி எடுத்தார். புழு போகும், தண்ணீரில் விழும், திரும்பி வரும். சில சமயம் தலை இல்லாமல் வரும். ஒருமுறை யாரோ முடிச்சுப் போட்டு அனுப்பியிருந்தார்கள். எது நடந்தபோதும் கைக்கு ஒன்றும் தெரியவில்லை.

ஆய்வுக்கு முந்தின நாள் மதியம், அவர் போட்ட புழுவை வாயில் கவ்விக்கொண்டே ஒரு பெரிய விரால் கரையோரம் தலையைத் தூக்கியது. புழுவை மரியாதையாகத் துப்பிவிட்டு, தன் பெயர் ஆவுடையம்மாள் என்று சொன்னது.

"நாளைக்குத்தானே அய்யா ஆய்வு?"

ஆமாம் என்றார். உங்களுக்கு எப்படித் தெரியும் என்று கேட்டார்.

"மடு பூரா இதே பேச்சுதான். இந்தக் கம்பைப் பத்தி முதல் கருத்து எழுதினதே நான்தான். 'வாயில் உறுத்தலே இல்லை'ன்னு."

தணிகாசலம் கம்பைப் பார்த்தார். பிறகு மடுவைப் பார்த்தார். ஆழ்மடு எந்த ஊர் என்று அப்போதுதான் விளங்கியது. ஆவுடையம்மாளின் கழுத்து அவர் வாய்க்கு ஒரு சாண் தூரத்தில் இருந்தது. பன்னிரண்டு நாளாக மீன் பார்க்காத பல் கூசியது. ஒரே கவ்வு. ஆனால் நாளைக்குக் கம்பில் எதைக் காட்டுவது?

அவர் பல்லைப் பார்த்தே ஆவுடையம்மாள் கணக்கைப் புரிந்துகொண்டாள். இருந்தும் நகரவில்லை.

"என்னைத் தின்னா இன்னைக்குச் சாப்பாடு. நாளைக்குக் கூழைக்கடா வந்துரும். அது இரண்டாவது ரகம் வாங்கி வச்சிருக்குய்யா. அந்த ரகத்தில போனவர்தான் எங்க அண்ணன். நீங்க இந்தக் கம்போட இங்கேயே இருக்கணும். அதுக்கு ஆகவேண்டியதை நாங்க பார்த்துக்கறோம்."

தணிகாசலம் வாயை மூடிக்கொண்டார். பல் கூச்சம் மட்டும் மாலைவரை இருந்தது.

மறுநாள் காலை ஏகாம்பரம் நான்கு பிரதி படிவத்தோடு வந்து ஒற்றைக் காலில் நின்றார். பின்னால் கூழைக்கடா தன் சாமான்களையெல்லாம் கட்டி எடுத்துக்கொண்டே வந்திருந்தது. தணிகாசலம் கம்பை வீசினார். புழு விழுந்த இடத்தில் ஆவுடையம்மாள் ஊரே பார்க்கும்படி எகிறிக் கவ்வினாள். கம்பு வில்லாக வளைந்தது, பிறகு வளையமாக வளைந்தது, அவ்வளவுதான் அதனால் முடிந்தது. ரீலைச் சுற்றச் சுற்ற நரம்பு வந்ததே தவிர மீன் வரவில்லை. விரால் தரையிலும் ஊரும் என்பதால், ஆவுடையம்மாள் தானே கரையேறி, சேற்றில் புரண்டு புரண்டு வந்து, அவர் காலடியில் படுத்து வாயைப் பிளந்து காட்டினாள்.

ஏகாம்பரம் மச்சானைப் பார்த்தார். பிறகு கூடியிருந்த கூட்டத்தைப் பார்த்தார். படிவத்தில் 'நன்கு இழுத்தார்' என்று எழுதினார். தணிகாசலம் மீனைத் தடவிக் கொடுத்துத் தண்ணீரில் விட்டதும், 'கருணையும் உண்டு' என்று ஓரத்தில் சேர்த்தார்.

துறை தணிகாசலத்துக்கே நிலைத்தது. அடுத்த மாதம் அவரைக் காட்டின் தூண்டில் ஆலோசகராகவும் நியமித்தார்கள். யார் வந்து கேட்டாலும் அவர் மூன்றாவது ரகத்தையே சொன்னார். பரஞ்சோதி கடையில் அது வாரா வாரம் தீர்ந்துபோனது. கூழைக்கடா தன் கம்பை இரண்டு மரத்துக்கு நடுவே கட்டி அதில் துணி காயப்போட்டது. நல்ல விறைப்பான கம்பு, ஈரத்துணிக்குக்கூட வளையவில்லை.

தணிகாசலம் வீட்டில் தினமும் நண்டுதான். ஒரு நாள் நண்டு ஓட்டைக் கடித்துக்கொண்டே போனை எடுத்து, நானூற்றுப் பதின்மூன்றாவது கருத்தை எழுதினார். ஐந்து நட்சத்திரம் போட்டார். ஊர் கேட்ட இடத்தில் 'ஆழ்மடு' என்று எழுதினார். அவர் இருப்பதும் அங்கேதானே.

நீதி: தூண்டில் வாங்கும் முன் மீன்களின் கருத்தைக் கேட்டுக்கொள்ளவும். மீன் கிடைக்காது. பதவி போகாது.